வீடு கட்டுமுன் மண்ணைக் கேளுங்கள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டையொட்டி அறுகம்பேயில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



எங்கள் வகுப்பில் மூன்று பேர் வைத்தியத் துறைக்குப் போனோம். "மூவரில் ஒருவர் பேசுங்கள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ, எதுவானாலும் பரவாயில்லை" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நீரிழிவைப் பற்றிச் சொல்லச் சொல்ல நீங்கள் மேசையில் இருக்கும் தொதலைப் பார்ப்பீர்கள், நாங்களும் பார்ப்போம். ஆகவே மூவரும் ரெலிபோனில் இரண்டு இரவு பேசி வேறொரு விடயத்தை எடுத்தோம். இங்கே நிற்பது ஒருவர், எழுதியது மூவரும். எனவே "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

விடயம் இதுதான். கடலும் நிலநடுக்கமும் வெள்ளமும் எட்டக்கூடிய ஒரு கரையில் ஊரை எங்கே, எப்படிக் கட்டுவது? வீட்டுக்கு அடியில் இருக்கும் மண் எப்படிப்பட்டது என்பதை யார், எப்போது கேட்பது? டொக்டர்மாருக்கு இது என்ன வேலை என்று நினைப்பீர்கள். மண்ணில் விட்ட பிழை கடைசியில் எங்கள் வாட்டுக்குத்தான் வருகிறது.

இந்த மண்டபத்தின் யன்னலால் பார்த்தால் களப்பும் பாலமும் தெரியும். இளைய தங்கைமார் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டோம். அது புதிய பாலம். பழைய பாலத்தை 2004 டிசம்பர் 26இல் கடல் உடைத்தது. பொத்துவிலுக்கும் உல்லைக்கும் இடையே இருந்த ஒரே நல்ல வழி அது. அமெரிக்க உதவியுடன் புதிய பாலம் கட்டி முடியும் வரை இந்தப் பக்கத்துச் சனம் பட்ட பாட்டைப் பொத்துவில் சகோதரிகள் எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும்கூட. நாங்கள் மூவரும் மருத்துவ பீட விடுமுறையில் ஊரில் நின்றோம். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்தபோது அன்றைய நம் மணிக்கூட்டில் காலை 6.58. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அங்கிருந்து நம் கரைக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். நாலு கிலோமீற்றர் ஆழமான கடலில் இப்படிப்பட்ட அலை மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும். ஆக எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் உம்மாமார் அப்பம் சுட்டார்கள், பிள்ளைகள் கடற்கரையில் பந்தடித்தார்கள். ஹவாயில் இருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையத்துக்கு நடுக்கம் நடந்த கால் மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்திருந்தது. இந்து சமுத்திரக் கரைகளுக்குச் செய்தி சொல்ல ஓர் ஏற்பாடு அன்று இல்லை.

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்று பாடசாலைகளில் இப்போது சொல்லிக் கொடுக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் அன்று நம் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது அலையின் முகடு. பிளவுக்கு மேற்கே இருந்த எங்கள் பக்கம் கடல் உள்வாங்காமல் நேரே ஏறி வந்தது. தாய்லாந்துப் பக்கம்தான் முதலில் வாங்கியது. நம் கரையில் கடல் வாங்கியது பிறகு, அலைகளுக்கு இடையில். அதை வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் போனவர்களை அடுத்த அலை எடுத்தது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடல் வாங்கும் என்று பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது.

இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையில்தான் கூடுதலானோர் இறந்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேல். எங்கள் வகுப்பிலும் ஒருத்தி போனாள். அவள் பெயரை இங்கே சொல்லவில்லை, அவளுடைய உம்மா இன்றும் இருக்கிறார். முந்தின வருடம்தான் கலியாணம் முடித்திருந்தாள். கடற்கரைப் பக்கம் புதிதாகக் கட்டிய சீதன வீடு. நாலு மாதக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாளாம்.

அந்த மாவட்டத்து முகாம்களில் இருந்தவர்களிடம் சுகாதார ஆய்வாளர்கள் சில வாரங்களில் ஒரு கணக்கு எடுத்தார்கள். எங்கள் துறைச் சஞ்சிகையொன்றில் அது 2006இல் வெளிவந்தது. அந்தக் குடும்பங்களின் பெண்களில் நூற்றுக்கு 17.5 பேர் இறந்திருந்தார்கள், ஆண்களில் 8.2 பேர். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு அளவு. அலை வந்த நேரம் வீட்டுக்குள் இருந்ததும், வீடு எவ்வளவு இடிந்தது என்பதும் தனித்தனி ஆபத்துக் காரணங்களாகக் கணக்கில் வந்தன. அதை வாசித்தபோது எங்களுக்கு நினைவு வந்தது அந்தக் குளியலறைதான். சுவரும் மண்ணும் அவை நின்ற இடமும் பொம்பிளையின் உயிருக்கு இவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன என்று எந்தப் பாடப்புத்தகமும் அதற்கு முன் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதன்பிறகு அரசாங்கம் கோடு போட்டது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர், அதற்குள் வீடு கட்டக்கூடாது. சனம் அதை "பபர் சோன்" என்றே சொன்னது. நமக்கு 200 மீற்றர் என்றால் என்ன? சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கிழக்கே கடல், மேற்கே வட்டை. இடையில் ஒரு பிரதான வீதியும் நெருக்கமான ஒழுங்கைகளும்தான். அதில் 200 மீற்றரை வெட்டி எடுத்தால் மீதியில் யார் எங்கே படுப்பது? ஒரு வருடத்துக்குள் கோட்டைத் தளர்த்த வேண்டி வந்தது. மருதமுனையில் "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்று ஓர் இடம் இன்றும் இருக்கிறது. கடலிலிருந்து 65 மீற்றருக்குள் வாழ்ந்தவர்களுக்குக் கட்டியது. ஒரு நாடாவின் அளவு ஊர்ப்பெயராகிவிட்டது.

இதே அறுகம்பேயில் கதை இன்னும் கசப்பு. 2005இல் இங்கே ஓர் அபிவிருத்தித் திட்டம் வரையப்பட்டது. மீனவர்கள் கரையை விட்டு உள்ளே போக வேண்டும், கரை சுற்றுலாவுக்கு. வீடுகளுக்கு இருந்த தடையில் விடுதிகளுக்கு விதிவிலக்கும் இருந்தது. சனம் வீதிக்கு இறங்கியது. நவோமி கிளைன் என்ற கனடா எழுத்தாளர் 2007இல் வெளியிட்ட "அதிர்ச்சிக் கோட்பாடு" என்ற நூலில் இந்த ஊரை ஓர் அத்தியாயத்தின் தொடக்கமாகவே எழுதியிருக்கிறார். வள்ளக்காரனின் வாடிக்கு ஆபத்து என்ற அதே மணலில் விடுதி அறைக்கு ஆபத்தில்லை என்று எந்தக் கடல் சொன்னது? ஆபத்தை அளக்கிறோம் என்று சொல்லி ஆளை அளந்தால் வருவது இதுதான்.

நாடாவால் அளப்பது தவறு என்று சொல்ல வரவில்லை. கரையோரம் பேணல் திணைக்களம் வைக்கும் எல்லைகள் வேண்டும். ஆனால் 200 மீற்றர் எல்லா இடத்திலும் ஒரே 200 மீற்றர் அல்ல. கரையின் உயரம் என்ன, மணல் மேடு இருக்கிறதா, முகத்துவாரம் எவ்வளவு கிட்ட, களப்பு வழியாகத் தண்ணீர் பின்பக்கத்தால் சுற்றி வருமா, ஓட ஒழுங்கை உண்டா, இவ்வளவையும் பார்க்க வேண்டும். இங்கிருந்து தெற்கே, பாணமைக்கும் குமணைக்கும் அப்பால், யாலையில் ஒரு விடுதி இருந்தது. கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதன் முன்னால் இருந்த மணல் மேட்டில் ஒரு பகுதியை அகற்றியிருந்தார்கள். சுனாமிக்குப் பின் வந்த சர்வதேச ஆய்வுக் குழு அதைத் தனியாகக் குறித்தது. மேடு முழுசாக இருந்த பக்கத்து இடங்களைவிட அந்த விடுதி மிக மோசமாக அழிந்தது. பொத்துவில் கரையிலும் மேடுகள் இருக்கின்றன. அவற்றின் மீது ஏறிப் படம் எடுங்கள். அள்ளிக்கொண்டு போய் வளவு நிரப்ப ஆரம்பித்தால் தயவுசெய்து கூச்சல் போடுங்கள்.

மணல் நடக்கும் என்பதையும் இந்தக் கரை நமக்குப் படிப்பித்தது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. நம் கரையில் மணல் வருடத்தின் மொத்தக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அலைதாங்கி அதை மறித்தது. துறைமுக வாய் மணலால் அடைபட்டது, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோட்டத்தைத் தின்றது. சுனாமிக்கு நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது இந்தக் கடல் மெல்ல மெல்ல, ஒரு வேலி, ஒரு கிணறு என்று வந்துகொண்டிருந்தது.

இனி மேற்குப் பக்கம் பார்ப்போம். கடற்கரையிலிருந்து எழுப்பிய சனத்தை எங்கே வைத்தார்கள்? காணி இல்லை. ஆகவே வட்டைக்குள் மண் நிரப்பினார்கள். வெனிசுவேலா உதவியில் சாய்ந்தமருதில் எழுந்த பொலிவேரியன் கிராமமும், கல்முனையின் கிறீன் பீல்ட் மாடி வீடுகளும் அப்படி வந்தவை. பாய் விரிக்க இடமில்லாமல் முகாமில் கிடந்தவர்களுக்கு அந்தச் சாவி கையில் வந்த நாள் பெருநாள்தான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் வழக்கில் மாட்டி ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், சாவி கிடைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் வட்டை என்பது தண்ணீரின் இடம். களிமண்ணும் மட்கிய வைக்கோலும் நூறு வருடச் சேறும் அடுக்கடுக்காக இருக்கும். அதன் மேல் நாலு அடி கிறவல் கொட்டி உருளை ஓட்டினால் மேலே கெட்டியாகத் தெரியும். கீழே உள்ள களி, பாரம் ஏற ஏறத் தண்ணீரை மெல்ல விட்டு வருடக்கணக்கில் இறங்கும். வீட்டின் ஒரு பாதி பழைய வரம்பிலும் மறு பாதி நிரப்பிய பள்ளத்திலும் நின்றால் இரண்டும் ஒரே அளவு இறங்காது. யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும், கதவு நிலையில் இறுகும், தரை ஓடு மேலெழும்பும். "மேசன் சீமெந்து களவெடுத்திட்டான்" என்று திட்டுவோம். பல நேரம் மேசன் அப்பாவி.

எங்கள் வாட்டுக்கு வரும் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. நிரப்பிய காணிகள் தண்ணீரின் வழியை மறிக்கின்றன. வடகீழ்ப் பருவ மழையில் தோணாவால் கடலுக்குப் போக வேண்டிய தண்ணீர் வளவுக்குள் நிற்கிறது. ஏழு, எட்டுப் பேர்ச் காணியில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி விடச் சொன்னால் அடுத்த வீட்டு அடுப்படியில்தான் கிணறு வெட்ட வேண்டும். நிலத்தடி நீர் மேலே வந்தவுடன் இரண்டும் ஒன்றாகின்றன. வயிற்றோட்டம், மஞ்சள்காமாலை, தேங்கின தண்ணீரால் டெங்கு, வயல் பக்கம் எலிக்காய்ச்சல். பருவ மழைக்குப் பின் வரும் நோயாளியிடம் நாங்கள் முதலில் கேட்பது "எத்தனை நாள் காய்ச்சல்?" இரண்டாவது, "வீடு எந்தப் பக்கம்?"

நிலநடுக்கத்துக்கு வருவோம். இது வைத்தியர் நிதானமாகச் சொல்ல வேண்டிய பகுதி. தலையிடி வந்த எல்லோருக்கும் நாங்கள் ஸ்கான் எழுதுவதில்லை. இலங்கை புவித்தட்டின் விளிம்பில் இல்லை, உள்ளே இருக்கிறது. ஜப்பான் போலவோ சுமாத்திரா போலவோ நமக்கு நடுக்கம் வராது. ஆனால் ஒருபோதும் வராது என்றும் எவரும் எழுதித் தர மாட்டார்கள். 1615 ஏப்ரலில் கொழும்பை உலுக்கிய நடுக்கம் பற்றிப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு இருக்கிறது. 2023 பெப்ரவரியில் புத்தள, வெல்லவாயப் பக்கம் தரை சிறிதாக ஆடியது. புத்தள எங்கே என்று நினைக்கிறீர்கள்? பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் போனால் வருகிற ஊர்தான். புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் நாட்டில் வைத்திருக்கும் நடுக்கமானிகளில் ஒன்று நம் அம்பாறைக்குப் பக்கத்துப் புத்தங்கலையில்தான் இருக்கிறது. பாடசாலைச் சுற்றுலாவுக்கு அங்கே பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமே என்று ஆசை.

நடுக்கத்தில் மண் என்ன செய்யும் என்பதை இந்தக் கடற்கரையிலேயே இன்று மாலை பார்க்கலாம். அலை வாங்கின ஈர மணலில் நின்று காலால் தொடர்ந்து தட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் மணல் கூழாகி மேலே தண்ணீர் கசியும், கால் இறங்கும். மாப்பேணியைத் தட்டினால் மா இறுகி இறங்குவது தெரியும்தானே? மணலும் அப்படி இறுகப் பார்க்கிறது. ஆனால் துணிக்கைகளுக்கு நடுவில் தண்ணீர் நிற்பதால் இறுக முடியாமல் அவை மிதந்துவிடுகின்றன. மண் திரவமாதல் என்பது இதுதான். நம் கரையில் தளர்ந்த மணலும் உண்டு, கை நீட்டினால் எட்டும் தண்ணீரும் உண்டு. வலுவான நடுக்கம் மட்டும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் அது 2011 பெப்ரவரி 22இல் வந்தது. 6.2 அளவுதான். சதுப்பின் மேல் வளர்ந்த கிழக்குப் புறநகர்களில் சேறு வீட்டுக்குள் பொங்கியது. ஏறத்தாழ 8,000 வீடுகள் இருந்த நிலத்தை இனிக் குடியிருக்க ஆகாது என்று அரசாங்கம் ஒதுக்கியது. பணக்கார நாடு, படித்த பொறியியலாளர்கள். ஆனாலும் அந்த நிலத்தில் வீடு கட்ட முன்னைய காலத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மென்மையான மண் நடுக்கத்தைப் பெருக்கவும் செய்யும். 1985இல் மெக்சிக்கோ நகரம் நடுக்கத்தின் மையத்திலிருந்து 350 கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருந்தது. ஆனாலும் பழைய ஏரிப் படுகையின் மேல் நின்ற மாடிகள் விழுந்தன. 2001 ஜனவரி 26இல் குஜராத்தின் கட்ச் பகுதியில் தரை ஆடியபோது, 200 கிலோமீற்றருக்கு அப்பால் அகமதாபாத்தில், சபர்மதி ஆற்று வண்டலின் மேல் கட்டிய அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, வாகனம் விட இடம் வேண்டுமென்று கீழ்த் தட்டில் சுவர் இல்லாமல் தூண்களில் மட்டும் நின்றவை. கல்முனை பிரதான வீதியில் ஒருமுறை கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு நடங்கள். கீழே கடை, முன்பக்கம் முழுதும் ஷட்டர், மேலே இரண்டு தட்டுக் குடும்பம். நாங்கள் வேறொன்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் அறிவது மாயமல்ல, ஒரு பரிசோதனைதான். எங்களுக்கு இரத்தப் பரிசோதனை போல அவர்களுக்கு மண் பரிசோதனை. நிலத்தைத் துளைத்து, 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழ விட்டு, குழாய் 30 சென்ரிமீற்றர் இறங்க எத்தனை தட்டு வேண்டும் என்று எண்ணுகிறார்கள். நாலு தட்டுக்குள் இறங்கினால் மிகத் தளர்ந்த மணல். முப்பதுக்கு மேல் கேட்டால் இறுகிய மணல். ஒவ்வொரு ஆழத்திலும் இப்படி எண்ணி, மண் மாதிரி எடுத்து, தண்ணீர் மட்டம் குறித்து ஓர் அறிக்கை தருகிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் செய்கிறது, தனியாரும் செய்கிறார்கள். பெரிய கட்டடமென்றால் கட்டாயம் செய்ய வேண்டும். வீட்டுக்கு நம் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. நல்ல நாள் பார்க்கிறோம், திசை பார்க்கிறோம், கிணற்று மண்ணை வாயில் போட்டு உப்பா என்று பார்க்கிற மூத்தவர்களும் இருந்தார்கள். துளைத்துப் பார்ப்பது மட்டும் வீண் செலவாகப் படுகிறது.

யார் கேட்க வேண்டும்? இந்தக் கூட்டத்தில் இதைச் சொல்ல நாங்கள் தெரிவு செய்த காரணம் இதுதான். கிழக்கிலே, முஸ்லிமானாலும் தமிழரானாலும், வீடு பெண்ணுடையது. குமருக்கு வீடு கட்டாமல் கலியாணம் இல்லை. வாப்பாவும் காக்காமாரும் உழைத்துக் கட்டினாலும் உறுதியில் நம் பெயர்தான். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் வளவு மூன்று துண்டு. நாலாவதுக்கு வட்டையில் ஒரு துண்டு வாங்கி நிரப்புவோம். ஊர் கடல் பக்கமும் வயல் பக்கமும் நெருங்கிப்போனதற்கு நம் சீதன வழக்கமும் ஒரு காரணம். வழக்கத்தை ஏசவில்லை. கணவன் வீட்டை விட்டு வெளியேற்றப்படாத பொம்பிளைகள் இந்த நாட்டில் எங்கே கூட என்று கேட்டால் நம் கரையைக் காட்டலாம். சுனாமிக்குப் பிறகு பல இடங்களில் புது வீடுகளைக் குடும்பத் தலைவர் என்று ஆண்களின் பெயரில் எழுதியபோது எவ்வளவு சண்டை பிடித்தோம். வீடு நம்முடையது என்று சண்டை பிடிக்கத் தெரிந்த எங்களுக்கு, அந்த வீட்டின் அடியில் என்ன மண் என்று கேட்கவும் உரிமை இருக்கிறது.

வெளிநாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இன்று ஊரில் எழும்புகிற பாதி மாடிகள் உங்கள் காசு. தூண் எழும்பின படம் வருகிறது, தட்டுப் போட்ட படம் வருகிறது, நீங்களும் இதயக் குறி அனுப்புகிறீர்கள். அடுத்த தவணைக் காசுக்கு முன் ஒன்று கேளுங்கள். "இந்த வளவு 1980இல் என்னவாக இருந்தது? வயலா, தோணாவா, தென்னந்தோட்டமா?" அதற்கு விடை சொல்ல பொறியியலாளர் வேண்டாம், ஒரு மூத்தம்மா போதும். நிரப்பிய காணி என்றால் துளைத்துப் பாருங்கள். ஒரு கலியாணத்தில் வலீமா விருந்துக்கு மேலதிகமாகச் சொல்கிற சகன்களின் செலவுக்குள் அது முடியும்.

ஓடும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பிற்பகல். சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி 8.6. இம்முறை எச்சரிக்கை வந்தது. அது தட்டுகள் பக்கவாட்டில் உரசிய நடுக்கம், கடலை அதிகம் தூக்கவில்லை என்பது பிறகுதான் தெரியும். எங்களில் ஒருவர் அன்று கிளினிக்கில். நோயாளிகள் நம்பர் துண்டோடு ஓடினார்கள். ஊரே மேற்கே திரும்பியது, கார், ஆட்டோ, சைக்கிள் எல்லாம் ஒரே ஒழுங்கைக்குள். உண்மையான அலையென்றால் வீதியில் மாட்டியிருப்போம். மேற்கே போக நமக்கு உள்ளவை வட்டைக்கு நடுவால் போகிற சில வீதிகள்தான். அவற்றில் ஒன்று காரைதீவு – மாவடிப்பள்ளி வீதி. 2024 நவம்பரில், பெருவெள்ளத்தில், மத்ரஸாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகள் ஏறி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் புரட்டியது அந்த வீதியில்தான். அந்தப் பிள்ளைகளை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. கடல் வந்தால் ஓட வைத்திருக்கும் வழியை மழை வந்தால் தண்ணீர் மூடுகிறது. டிசம்பரில் இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று எந்தத் திட்ட வரைபடத்திலாவது யாராவது எழுதியிருக்கிறார்களா என்று நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும் நம் சங்கம் எழுதிக் கேட்கலாம். கடிதம் எழுதத்தான் இந்தப் பாடசாலை நமக்கு நன்றாகப் படிப்பித்ததே.

இப்போது நம் சொந்த விடயம். நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு மூன்று மாடிக் கட்டடம் கட்டுவதென்று சங்கம் தீர்மானித்து, நிறையச் சகோதரிகள் காசும் அனுப்பிவிட்டார்கள். இடம், மைதானத்துக்கு மேற்கே உள்ள காணி. எங்கள் காலத்தில் அந்த வேலிக்கு அப்பால் கொக்கு நின்றது. நாங்கள் மூவரும் ஒரு யோசனை வைத்தோம். அடிக்கல்லுக்கு முன் நாலு இடத்தில் துளைத்துப் பார்ப்போம், நில மட்டத்தை அளப்போம், கீழ்த் தட்டைச் சுவரில்லாத் தூண் மண்டபமாக விடாமல் கட்டுவோம், படிக்கட்டை வெளிப்பக்கம் அகலமாக வைத்துக் கூரையைத் தட்டையாக விடுவோம். ஓட வழியில்லாத ஊரில் பிள்ளைகளும் பக்கத்து வீட்டாரும் ஏறி நிற்க ஓர் உயரம் வேண்டும். அது ஆடாமல் நிற்கும் உயரமாக இருக்க வேண்டும்.

"ஓட்டை போடுறதுக்கா நாங்க காசு சேர்த்தம்?" என்று குழுவில் ஒரு ராத்தா கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நாங்கள் சொன்ன பதில், சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தம் எடுக்கும்போது "வெட்டத்தானே வந்தேன், ஏன் குத்துறீங்க?" என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை என்பது. அவர் சிரித்தார், ஆனால் சம்மதிக்கவில்லை. பிறகு அவரே ஒரு நாள் ரெலிபோன் எடுத்து, அந்தக் காணிக்குக் குறுக்கே முன்னொரு காலத்தில் ஒரு வாய்க்கால் ஓடியது, அவருடைய வாப்பா அதில் கரப்புக் குத்தி மீன் பிடித்தவர் என்று சொன்னார். எந்த வரைபடத்திலும் அந்த வாய்க்கால் இல்லை.

செயற்குழு மூன்று துளைகளுக்குச் சம்மதம் தந்திருக்கிறது. நாலாவதுக்கு எங்கள் வகுப்பு காசு போடுகிறது. எங்கே துளைப்பது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆகவே தேநீர் மேசைக்குப் பக்கத்தில் பாடசாலைக் காணியின் பெரிய படம் ஒன்றை ஒட்டி, பென்சிலும் வைத்திருக்கிறோம். 1950களிலும் 60களிலும் படித்த டீச்சர்மாரும் ராத்தாமாரும் அக்காமாரும் முதலில் போய், தண்ணீர் எங்கே நின்றது, வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே மண் கொட்டியது என்று நினைவில் உள்ளதைக் கீறி, உங்கள் பெயரையும் படித்த ஆண்டையும் எழுதிவிடுங்கள். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு நாங்கள் பக்கத்தில் நின்று கீறித் தருவோம்.